பொழுது சாய்ந்தால் கேட்கும் சென்னை

1990களில் இலங்கையின் வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசும். செய்தி முடியும்வரை அவர் கை ஓயக்கூடாது. அப்படிக் கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நண்பகலில் வெறும் இரைச்சலாகக் கிடந்த 720 கிலோஹேர்ட்ஸில், விளக்கு வைக்கும் நேரம் கடந்ததும் சென்னை வானொலி எழும்பி வரும். அதற்காக நிலையம் தன் வலுவைக் கூட்டவேண்டியதில்லை. மாறுவது நம் தலைக்கு மேலே உள்ள வானம்.

720 போன்ற எண்களில் ஒலிபரப்பாகும் மத்திய அலை, பகலில் நிலத்தை ஒட்டித் தவழ்ந்துதான் நம்மிடம் வருகிறது. வழியில் மண் அதன் ஆற்றலைத் தின்றுவிடும். கடல்நீர் மண்ணைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், கடலுக்கு மேலே அலை அவ்வளவு தளராது. மன்னார்க் கரையில் 1053 கிலோஹேர்ட்ஸில் தூத்துக்குடி வானொலி பகலிலும் கேட்டதற்கு இடையில் இருந்த கடலே காரணம்.

நிலையத்திலிருந்து வானை நோக்கிப் போகும் அலை என்ன ஆகிறது? தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயிலின் புற ஊதாக் கதிர்கள் காற்று மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. மேலேறும் அலை அந்த எலெக்ட்ரான்களை அசைக்கிறது. ஆனால் அங்கே காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியானது. பெற்ற ஆற்றலை அலைக்கே திருப்பிக் கொடுக்குமுன் அவை மூலக்கூறுகளில் மோதி, அதை வெப்பமாக இழந்துவிடுகின்றன. சென்னையின் குரல் பகலில் அங்கேதான் அழிகிறது.

பொழுது பட்டதும் இந்தப் படலத்தின் எலெக்ட்ரான்கள் விரைவில் மூலக்கூறுகளோடு மீண்டும் சேர்ந்துவிடும்; தடை கரைந்துபோகும். அதற்கும் மேலே காற்று மிக மெலிது. மோதிச் சேர ஆள் கிடைக்காமல் எலெக்ட்ரான்கள் விடியும்வரை அலைந்துகொண்டிருக்கும். அவைதான் அலையை வளைத்துக் கீழே அனுப்புகின்றன. கிளிநொச்சிக்கு வடக்கே 400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சென்னை முற்றத்துக்கு வருவது இப்படித்தான்.

இரவில் குரல் பெருகுவதும் தேய்வதுமாக இருக்கும். வெவ்வேறு வழிகளில் வரும் அலைகள் ஒருமுறை கூடிச் சேர்கின்றன, மறுமுறை ஒன்றையொன்று அழிக்கின்றன. கேட்பவரைச் சலிப்படையச் செய்யும் இந்த ஏற்றத்தாழ்வையே பிரித்தானிய இயற்பியலாளர் எட்வர்ட் ஆப்பிள்டன் அளவுகோலாக்கினார். 1924இல் பிபிசியின் போர்ன்மத் நிலையத்தின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, குரல் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணி, வானத்துப் படலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு எளிய கருவிகளோடு வானத்தை அளந்த வேறு சோதனையை நினைக்க எனக்குச் சிரமமாக இருக்கிறது.

இன்று வீட்டுக்குள் எல்இடி விளக்குகளும் போன் சார்ஜர்களும் வானொலியில் இரைச்சலைக் கிளப்பும். இரணைமடுக் குளக்கட்டுப் போன்ற ஒதுக்கமான இடத்துக்கு வானொலியைக் கொண்டுபோங்கள். ஐப்பசி இடிமழைக் காலம் வேண்டாம். எங்கோ விழும் மின்னலின் வெடிப்பையும் இரவு வானம் கொண்டுவந்து சேர்க்கும்.

ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் கலந்து ஒலித்தால் வானொலியைக் கிடையாக மெல்லத் திருப்புங்கள். உள்ளே அலையைப் பிடிக்க, கம்பி சுற்றிய ஃபெரைட் என்ற காந்தப்பொருள் தண்டு இருக்கிறது. அதன் முனை ஒரு நிலையத்தை நேராகப் பார்க்கும்போது அந்த நிலையம் மங்கும், மற்றது தெளியும். மங்கிய நிலையம் தண்டின் இரு முனைகளில் ஏதோ ஒன்று காட்டும் திக்கில் இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.