ஹோலோடைப்: பெயரைத் தாங்கும் ஒரே மீன்

புதிய மீன் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயர் எந்த ஒரு மீனோடு கட்டப்படுகிறதோ அதுதான் ஹோலோடைப். கிரேக்கத்தில் 'ஹோலோஸ்' முழுமை. 'டூபோஸ்' அடித்துப் பதித்த தடம், அச்சு. 1897-ல் அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் சார்லஸ் ஷுஷெர்ட் இரண்டையும் ஒட்டி இந்தச் சொல்லை உருவாக்கினார்.

'முழுவகை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடும். வகை என்றால் நமக்குக் கூட்டம். இதுவோ தனி ஒன்று. 'சிறந்த மாதிரி'யும் ஆகாது, ஏனென்றால் ஹோலோடைப் வால் ஒடிந்த மீனாகக்கூட இருக்கலாம். விலங்குப் பெயரீட்டு விதிகள் 'பெயரைத் தாங்குவது' என்கின்றன. ஆகவே 'தனிப் பெயர்தாங்கி' என்பதே பொருத்தம். அதனோடு கூடவே குறிப்பிடப்படும் அதே இனத்தின் மற்ற மீன்கள் பாராடைப், அதாவது பெயரைத் தாங்காத 'துணைமாதிரி'.

எவியோட்டா என்ற குட்டிக் கோபி மீன்களில் பல 2 செ.மீ.கூட வளராதவை. இவற்றில் பெயர்தாங்கியைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம்தான். பிடித்ததும் துடுப்புகளை விரித்துப் படமெடுக்க வேண்டும். சிவப்பும் ஆரஞ்சும் மீனைப் போட்டுவைக்கும் எத்தனால் என்ற சாராயத்தில் கரைந்துவிடும், கருநிறப் புள்ளிகள் மட்டுமே தங்கும். அடுத்து, வலப்பக்கத்திலிருந்து துளி திசுவை வெட்டி 95% எத்தனாலில் போடுவார்கள். அளவும் எண்ணிக்கையும் இடப்பக்கத்தில் எடுப்பது வழக்கம் என்பதால் அந்தப் பக்கத்தில் கத்தி படாது. அதன்பிறகே உடலைக் கெட்டியாக்கிப் பதப்படுத்தும் ஃபார்மலின்: கடையில் வாங்கியது 1 பங்கு, நீர் 9 பங்கு. முதலிலேயே முக்கினால் டிஎன்ஏ சிதைந்துவிடும். போராக்ஸ் (வெண்காரம்) சேர்க்காவிட்டால் அமிலம் ஏறி எலும்பின் சுண்ணாம்பை அரிக்கும். சில நாள் கழித்து நீரில் அலசி, 70% எத்தனாலுக்கு மாற்ற வேண்டும்.

தலையிலுள்ள உணர்துளைகளை வைத்தே எவியோட்டா இனங்களைப் பெரிதும் பிரிக்கிறார்கள். அவை வெறுமனே பார்த்தால் தெரியாது; சயனைன் நீலச் சாயம் தடவி, மெல்லிய காற்றை ஊதினால் குழிகள் துலங்கும். துடுப்புக் கதிர் எண்ணுவதிலும் ஒரு பொறி உண்டு: முதுகுத் துடுப்பின் கடைசி இரு கதிர்கள் ஒரே அடியில் முளைத்திருந்தால் ஒன்றென்றே கணக்கு. இரண்டென்று எண்ணினால், இல்லாத 'புதிய இனம்' பிறந்துவிடும்.

1999-க்குப் பிறகு வெளியிடும் பெயருக்கு, பெயர்தாங்கி எது, அது எந்த அருங்காட்சியகத்தில் அல்லது சேகரிப்பில் வைக்கப்படும் என்று எழுதியாக வேண்டும். பின்னாளில் துணைமாதிரிகளில் பாதி வேறு இனம் என்று தெரியவந்தாலும் குழப்பமில்லை. பெயர் அந்த ஒற்றைப் புட்டி மீனோடு நிற்கும். மற்றவற்றுக்கு வேறு பெயர் தேட வேண்டியதுதான்.