‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்

போன வாரம் ஒரு பெண்மணியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார் அவர் கணவர். வெளிச்சம் தாங்காமல் கண்களைத் துணியால் மூடியிருந்தார். வயது முப்பத்து நான்கு. ஓராண்டுக்கு முன் எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சல். காய்ச்சல் போயிற்று, அசதி போகவில்லை. ரத்தம், தைராய்டு, ஈசிஜி எல்லாம் நார்மல். “மனம்தான் காரணம். தினமும் நடையைக் கூட்டுங்கள்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் சொன்னபடி செய்திருக்கிறார். மூன்றாவது மாதம் படுத்த படுக்கை. இவருக்கு இருப்பது நாள்பட்ட சோர்வு நோய்க்குறி. இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்த ஐந்தாவது ஆள் இவர்.

படுக்கவைத்து நாடி பார்த்தேன்: 74. நிற்கவைத்தேன். ஆறாவது நிமிடம் 116. வெறுமனே நின்றதற்கு நாடி இவ்வளவு எகிறுவது நார்மல் அல்ல. கால்கள் நடுங்கின, உட்காரவைத்துவிட்டேன். இதற்குக் கைக்கடிகாரம் போதும். ஓராண்டாக ஒருவரும் பார்க்கவில்லை.

நாள்பட்ட சோர்வு நோய்க்குறி மனப்பிரமை அல்ல. ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில் தொற்றுக் காய்ச்சல் கண்ட 253 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறாவது மாதத்தில் நூற்றுக்குப் பதினொருவருக்கு இந்த நோய் இருந்தது. 2006-ல் வெளியான ஆய்வு அது. யாருக்கு வரும் என்பதைக் காட்டியது காய்ச்சலின் கடுமை. அவர்களுடைய மனநிலை அல்ல. கிருமிகளை எதிர்க்கும் ‘இயற்கைக் கொல்லி’ அணுக்கள் மந்தமாவது, நிற்கும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் குறைவது, உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி தடுமாறுவது என்று பல தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஒற்றைக் காரணம் பிடிபடவில்லை, உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையும் இல்லை. ஆகவே ‘நார்மல்’ ரிப்போர்ட் இந்த நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

‘உடம்பு பழக்கம் விட்டுப்போயிற்று, அசைந்தால் சரியாகும்’ என்பதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. நோயில்லாத, ஆனால் உடற்பயிற்சியே செய்யாத ஒருவரை இரண்டு நாள் அடுத்தடுத்து சைக்கிள் மிதிக்கவைத்து, மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனை அளந்தால் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவுதான் வரும். இந்த நோயாளிகளில் பலருக்கு இரண்டாம் நாள் திறன் சரிகிறது. உழைப்புக்குப் பிந்தைய இந்தச் சரிவுதான் நோயின் முத்திரை. ஒருநாள் கழித்துக்கூட வரும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கக் கூடாது என்று 2021-லேயே சொல்லிவிட்டது. மருத்துவர்களாகிய எங்களில் பலர் அதைப் படிக்கவேயில்லை.

காய்ச்சலுக்குப் பின் அசதி வாரக்கணக்கில் நீடித்தால் வீம்புக்கு வேலைக்கு ஓடாதீர்கள். களைப்பதற்கு முன்பே உட்காருங்கள். எந்த வேலைக்குப் பின் எப்போது சரிந்தீர்கள் என்று எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டாரே, தயவுசெய்து “எழுந்து நடந்தால் சரியாகிவிடும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பெண்மணி அதைக் கேட்டுத்தான் நடந்தார்.