ராஸ்தாலி மணப்பது ஏன்?

சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் வாங்கும் ராஸ்தாலி வாழைப்பழம் வீடெல்லாம் மணக்கிறது, பேரங்காடியில் வாங்கும் கேவண்டிஷ் வெறுமனே இனிக்கிறது, இதற்கு இரகம் மட்டும்தான் காரணமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரகத்திற்குப் பங்கு உண்டு. தாரை என்றைக்கு வெட்டினார்கள் என்பதற்கும் பங்கு உண்டு.

வெட்டும் நாளைத் தூரம் தீர்மானிக்கிறது. கப்பலேற வேண்டிய தாரை முக்கால் விளைச்சலிலேயே இறக்கிவிடுவார்கள். காயை விரலிடுக்கில் உருட்டினால் இது புலப்படும்: இளங்காயின் பட்டைகள் கூராக நிற்கும், விளையவிளைய அவை மழுங்கிக் காய் உருண்டுவரும். அந்தக் கடைசி நாள்களிலும் சதையில் மாவுச்சத்து ஏறிக்கொண்டிருக்கிறது. பச்சைக்காயின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கும்போது அதில் பெரும்பகுதி சர்க்கரையாகிறது. ஏறாத மாவு பின்னால் சர்க்கரையாக முடியாது.

பழுப்பதைத் தொடக்கிவைப்பது எத்திலீன் என்னும் எளிய வாயு. அது வேலை செய்யும் விதம் எனக்கு என்றும் சலிக்காதது. காயின் உயிரணுக்களில் உள்ள எத்திலீன் ஏற்பிகள், ‘பழுக்காதே’ என்று இரவு பகலாக ஆணையிட்டுக்கொண்டிருக்கும் காவலர்கள். ஒவ்வோர் ஏற்பியும் செம்பு அயனியைப் பிடித்துவைத்திருக்கிறது. எத்திலீன் அந்தச் செம்பைப் பற்றியதும் ஆணை நின்றுபோகிறது. அதாவது எத்திலீன் ‘பழு’ என்று சொல்வதில்லை, தடுப்பவரின் வாயை அடைக்கிறது. தடை நீங்கிய காய் தானே எத்திலீனைச் சுரக்கிறது, அது இன்னும் பல ஏற்பிகளின் வாயை அடைக்கிறது, மேலும் எத்திலீன் சுரக்கிறது. ஒரு சீப்பு மஞ்சளானால் அடுத்த சீப்பும் மஞ்சளாவது இதனால்தான்.

வணிகர்கள் இந்தத் தொடரைத் தங்கள் கைக்குள் வைத்திருக்கிறார்கள். 13 முதல் 14 டிகிரி செல்சியஸ் குளிரில் காயை உறங்கவைத்துக் கொண்டுவந்து, பழுக்கவைக்கும் அறையில் பத்து இலட்சம் பங்குக் காற்றுக்கு 100 பங்கு அளவில் எத்திலீனைச் செலுத்துகிறார்கள். இதை நஞ்சு என்பது தவறு, காயே சுரக்கும் வாயுதான் அது. கால்சியம் கார்பைடு வேறு கதை. அதிலிருந்து வரும் அசெட்டிலீன் எத்திலீனைப் போல நடித்தாலும், ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகளும் உடன் வருகின்றன. உள்ளூர் வியாபாரியும் கார்பைடு வைக்கலாம் என்பதால், அருகில் விளைந்தது என்பது மட்டும் நற்சான்றிதழ் ஆகாது.

லயத்து வீட்டில் என் பாட்டி தகர டிரம்முக்குள் தாரை இறக்கி, தேங்காய் மட்டையைப் புகையவிட்டுச் சாக்கால் மூடுவார். கைராசிக்காரர் மூடினால்தான் பழம் ஒன்றுபோல் பழுக்கும் என்பது அவர் நம்பிக்கை. அரைகுறையாக எரியும் மட்டையின் புகையில் எத்திலீன் இருக்கிறது, அதற்கு யார் கையும் ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், பகலெல்லாம் ரப்பர் பால்மரம் வெட்டிய அதே பாட்டி, வெட்டுப்பட்டைக்கு அருகே தடவிய ‘மருந்தும்’ இதே வாயுவைத்தான் தந்தது. எத்தபோன் என்னும் அந்த மருந்து மரத்திசுவுக்குள் சிதைந்து எத்திலீனாகிறது. பால்குழாய்களின் வாய் உறைந்து அடைபடுவது தாமதமாகிறது. பால் நெடுநேரம் வடிகிறது.

தோலில் பழுப்புப் புள்ளி விழுந்த பழத்தைப் பேரங்காடி விலை குறைத்து ஒதுக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாவு ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையாகி, மணமும் கூடிய தருணம் அது. கறையற்ற தோலுக்குப் பணம் கொடுக்கப் பழகிய நாம், மணத்தைக் கேட்டு வாங்க மறந்துவிட்டோம். வாடல் நோய்க்கு எளிதில் இரையாகும் ராஸ்தாலிக்கு ஆராய்ச்சிப் பணம் தாராளமாக ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் என் கருத்து.

சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் அக்காவின் தார்களில் வெட்டுமுனைப் பால் சில நாள்களில் இன்னும் பிசுபிசுக்கும். சீப்பை அறுக்குமுன், “இன்னைக்குச் சாப்பிடவா தம்பி, வெள்ளிக்கிழமை சாமிக்கா?” என்று கேட்பார். வெள்ளிக்கிழமைக்கு என்றால், தாரின் அடியில் காம்போரம் பச்சை மாறாத சீப்பாகப் பார்த்து அறுத்து, நாளிதழில் சுற்றித் தருவார்.