புலம்பெயர்ந்தோர்: போனவரா, வந்தவரா?

'டயஸ்போரா' என்பதற்கு ஈடாகத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் 'புலம்பெயர்ந்தோர்'. டயஸ்போரா என்ற கிரேக்கச் சொல்லின் வேர் விதைத்தல். தூவிய விதைபோல் சிதறிய மக்கள் என்று பொருள். யூதர்களின் சிதறலைக் குறித்தே அது நெடுங்காலம் வழங்கியது. தமிழ்ச் சொல்லில் விதையும் இல்லை, சிதறலும் இல்லை. புலம் என்றால் நிலம், இடம். பெயர்தல் என்றால் இருந்த இடம் விட்டு நகர்தல். ஒரே ஆள் போனாலும் அவர் புலம்பெயர்ந்தவர்தான். ஆனால் ஒற்றை ஆளை டயஸ்போரா என்று சொல்ல முடியாது. அந்தக் கூட்டுப்பொருள் வேண்டுமானால் 'புலம்பெயர் சமூகம்' என்று எழுதுவதே சரி.

சொல் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தைப் 'புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' ஊர் என்கிறது பட்டினப்பாலை. அந்த மாக்கள் தமிழர் அல்லர். வேற்றுமொழி பேசும் நாடுகளிலிருந்து இங்கே வந்து தங்கியவர்கள். 1983க்குப் பின் ஈழத்தவர் டொராண்டோ, லண்டன், பாரிஸ் என்று பெருமளவில் போய்ச் சேர்ந்தபோது சொல் திசை திரும்பி, வெளியே போன தமிழரைச் சுட்டத் தொடங்கியது. 2020 பொதுமுடக்கத்தில் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் 'புலம்பெயர் தொழிலாளர்' என்று எழுதியதோ பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களை. பட்டினப்பாலைப் பொருளுக்கே சொல் திரும்பிவிட்டது. 'கலந்தினிது' மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

எழுதும்போது இரண்டு இடங்களில் தவறுவார்கள். 'புலம்பெயர் தமிழர்' வினைத்தொகை, அதனால் நடுவில் 'த்' வராது. 'புலம்பெயர்த்தோர்' என்று எழுதினால் மற்றவரை நகர்த்தியவர் என்று ஆகிவிடும். துரத்தப்பட்டவர் என்று அழுத்திச் சொல்ல நினைத்தால் 'புலம்பெயர்க்கப்பட்டோர்' இருக்கிறது.

அக்கம்பக்கத்துச் சொற்களையும் பிரித்துக்கொள்ள வேண்டும். போரில் வீட்டை விட்டு ஓடியும் எல்லை தாண்டாதவர் இடம்பெயர்ந்தோர். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஏதேனும் ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகியவற்றால் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தால் நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி, 1951 ஐ.நா. உடன்படிக்கையின் வரையறை இது. அகதி வடசொல், போக்கிடம் அற்றவர் என்பது பொருள். தனித்தமிழில் ஏதிலி என்பார்கள். ஆனால் பழைய நூல்களில் 'ஏதிலார்' என்றால் அயலார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அலுவல் தமிழில் இலங்கைதான் துல்லியம்: உள்ளே வருவது குடிவரவு, வெளியே போவது குடியகல்வு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குடிநுழைவு. தமிழ்நாட்டு விமான நிலையச் செய்திகளில் 'குடியுரிமை அதிகாரிகள்' என்று வருவது பிழை. கடவுச்சீட்டில் முத்திரை குத்துபவர் யாருக்கும் குடியுரிமை தருவதில்லை.

வந்து குடியமர்ந்தவருக்குக் குடியேறி என்பது நடுநிலைச் சொல். வந்தேறி வசை. இரண்டிலும் ஏறுகிற வினை ஒன்றே, ஆனாலும் 'வந்தேறி' என்று கூப்பிட்டால் சண்டைதான்.

டொராண்டோவில் பிறந்த பிள்ளையை 'இரண்டாம் தலைமுறைப் புலம்பெயர்ந்தோர்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை எங்கிருந்தும் பெயரவில்லை. 'புலம்பெயர்ந்தோரின் பிள்ளை' எனலாம், அல்லது கனடியத் தமிழர்.