வெள்ளையை அச்சிடும் பெட்டி

எங்கள் வீட்டுக் கொலுவில் படிகளுக்குக் கீழே, தரையில், ஒரு கடைத்தெரு உண்டு. கும்பகோணம் பெரிய கடைத்தெருவை மனத்தில் வைத்து நானும் மகளும் வருஷா வருஷம் நீட்டிக்கொண்டே போகும் தெரு அது. ஒரு பாத்திரக்கடை, ஒரு வெற்றிலைக்கடை, டிகிரி காபி கிளப், மன்னார்குடிக்குக் கிளம்பத் தயாராக ஒரு பஸ். எல்லாம் அட்டையும் களிமண்ணும்தான். ஆனால் எழுத்துகள் மட்டும் அசலைப் போலவே இருக்கும். பச்சைப் பலகையில், அரக்குச் சிவப்புப் பஸ்ஸின் வளைந்த நெற்றியில், பித்தளைக் குடத்தின் வயிற்றில்கூட, பளிச்சென்ற வெள்ளை எழுத்து. உயரம் மூன்று மில்லிமீட்டர். வருகிறவர்கள் சுண்டல் கிண்ணத்தோடு குனிந்து படித்துவிட்டு, "கையாலயா எழுதினீங்க?" என்று கேட்பார்கள்.

கையால் இல்லை. சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ஒரு ஜப்பானியப் பிரிண்டர் அதைச் செய்கிறது. ஆல்ப்ஸ் எம்டி-5000 என்று பெயர். இன்று எந்தக் கடையிலும் அது கிடைக்காது, அதற்கான மையும் கிடைக்காது. இருந்தும் அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராததற்கு ஒரே காரணம், அது வெள்ளையை அச்சிடும் என்பதுதான்.

வெள்ளையை அச்சிடுவதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். சுற்றிலும் பச்சையை அச்சிட்டு, எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டால் தாளின் வெண்மையே எழுத்தாகிவிடுமே? சரிதான். வீட்டில் இருக்கும் எல்லா இங்க்ஜெட் பிரிண்டரும் அப்படித்தான் சமாளிக்கின்றன. அவற்றில் உள்ள நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு நான்கும் கண்ணாடி போன்ற மைகள். ஒளி மைக்குள் புகுந்து, அடியில் இருக்கும் வெள்ளைத் தாளில் பட்டு, திரும்பி வரும்போது ஒரு பகுதியை மையிடம் இழந்துவிட்டு வருகிறது. மிச்சம் வருவதுதான் நாம் பார்க்கும் நிறம். வெளிச்சத்தைத் தருவது தாள், அதைக் குறைப்பது மட்டுமே மையின் வேலை. அடியில் வெள்ளை இல்லாவிட்டால் எல்லாம் போச்சு. பஸ்ஸின் அரக்குச் சிவப்பில் மஞ்சள் மையால் எழுதினால் எழுத்து இருப்பதே தெரியாது.

ஆக, ஒளியைத் தானே திருப்பி அனுப்பும் மை வேண்டும். அது எப்படிச் சாத்தியம் என்பதை வாசலில் போடும் மாக்கோலம் எவ்வளவோ காலமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அரைத்த அரிசிமாவில் கோலம் போடும்போது கவனித்திருப்பீர்கள். ஈரமாக இருக்கையில் கோடு மங்கலாக, பாதி கண்ணாடிபோல இருக்கும். காய்ந்த பிறகுதான் வெளுப்பு ஏறும். மாவு அதே மாவுதான். மாறியது மாவுத் துகள்களுக்கு இடையில் இருக்கும் பொருள். முதலில் தண்ணீர் இருந்தது, இப்போது காற்று இருக்கிறது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளி அந்தப் பொருளுக்குள் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைக் காட்டும் எண்) எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்கு வழிமாறும், எல்லையில் பட்டுத் திரும்பும். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, அரிசி மாவுச்சத்துக்கு ஏறக்குறைய 1.5. தண்ணீரும் மாவும் நெருங்கிய எண்கள் என்பதால் ஒளி பெரிய தடங்கல் இல்லாமல் ஊடுருவித் தரையைத் தொட்டுவிடுகிறது. காற்றும் மாவும் தள்ளியிருக்கும் எண்கள். ஒவ்வொரு துகளிலும் ஒளி முட்டி, சிதறி, தரையைத் தொடாமலேயே திரும்பிவிடும். எல்லா நிறமும் சமமாகச் சிதறித் திரும்பினால் அதற்குப் பெயர் வெள்ளை.

கோலத்தின்மேல் விளக்கெண்ணெய் சிந்தினால் அந்த இடம் மட்டும் ஏன் திரும்ப வெளுப்பதே இல்லை என்பதற்கும் பதில் இதுவே. எண்ணெயின் எண் மாவின் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது, போதாததற்கு அது காய்ந்து போவதும் இல்லை.

இப்போது மைக்கு வருவோம். அரிசிமாவையோ சாக்பீஸ் பொடியையோ பிசினில் குழைத்து வெள்ளை மை செய்ய முடியாது. பிசினின் எண்ணும் 1.5 பக்கம்தான், சாக் பொடியின் எண்ணும் அதற்குப் பக்கத்தில்தான். குழைத்ததும் எண்ணெய் பட்ட கோலமாகிவிடும். பிசினுக்குள் முழுகியும் வெள்ளையாகவே இருக்க, எண்ணில் வெகுதூரம் விலகிய ஒரு பொருள் தேவை. அது டைட்டானியம் டை ஆக்சைடு. ரூட்டைல் என்னும் அதன் படிக வடிவத்துக்கு ஒளிவிலகல் எண் சுமார் 2.7, வைரத்தைவிடவும் அதிகம். சுவர்ப் பெயிண்ட், பற்பசை என்று நாம் தொடும் வெள்ளைப் பொருள்களில் பலவற்றுக்கு வெண்மை தருவது இதுதான். இதற்கு மூலப்பொருளான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் கிடைக்கிறது. கருமணலிலிருந்து இத்தனை வெண்மையான ஒரு பொடி வருவது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அந்தப் பொடியை இஷ்டத்துக்கு அரைத்துவிடவும் முடியாது. துகள் ஒளியின் அலைநீளத்தில் பாதியளவு, அதாவது 0.2 முதல் 0.3 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால்தான் சிதறல் உச்சத்தில் இருக்கும். அதைவிட நுணுக்கினால் வெளுப்புக் குறைந்துவிடும்.

சரி, இதை இங்க்ஜெட் மையில் கலந்துவிட்டால் என்ன? இங்கேதான் காவிரிக்கரைக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும் ஒரு சிக்கல் வருகிறது. இந்தப் பொடி தண்ணீரைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனமானது. ஆற்றில் வேகமாக வரும் தண்ணீர் மண்ணைச் சுமந்துகொண்டே வருகிறது. வாய்க்காலில் இறங்கி வேகம் தணிந்ததும் சுமையை இறக்கிவிடுகிறது. அப்படி இறக்கிய வண்டலில்தான் நம் வயல்கள் விளைகின்றன. பிரிண்டருக்குள் அதே வண்டல் படிந்தால் கதை வேறு. இங்க்ஜெட்டின் துளை ஏறத்தாழ 20 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. துகள்கள் கட்டிதட்டி ஒருமுறை அடைத்துக்கொண்டால் அச்சுத்தலையையே மாற்ற நேரும். வெள்ளை மை பயன்படுத்தும் பெரிய இயந்திரங்கள் இன்று இருக்கின்றன. திருப்பூரில் பனியன்களுக்கு அச்சிடும் டிடிஎஃப் இயந்திரங்கள் (முதலில் படலத்தில் அச்சிட்டு, பிறகு துணிக்கு மாற்றும் முறை) அப்படிப்பட்டவை. மை தேங்காமல் இருக்க அவற்றில் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தலையையும் அடிக்கடி கழுவ வேண்டும். நாள்தோறும் ஓடும் தொழிலுக்கு அது சரி. நவராத்திரிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று அச்சிடும் வீட்டுக்கு ஆகாது.

ஆல்ப்ஸ் பிரிண்டரில் மை திரவமே இல்லை. 'மைக்ரோ டிரை' என்பது அந்த முறையின் பெயர். பார்க்க ஆடியோ கேசட்டைப் போலவே இருக்கும் ஒரு பெட்டிக்குள், சில மைக்ரான் தடிமனே உள்ள பாலியெஸ்டர் ரிப்பன் சுற்றியிருக்கும். ரிப்பனின் ஒரு முகத்தில், நிறமி கலந்த பிசின் மெல்லிய பூச்சாகக் காய்ந்து கிடக்கும். அச்சுத்தலையில் நுண்ணிய மின்சூடேற்றிகள் வரிசையாக இருக்கின்றன. தலை ரிப்பனைத் தாளோடு சேர்த்து அழுத்திக்கொண்டு போகும்போது, புள்ளி வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சூடேற்றி கண நேரம் சுடுகிறது. அந்தப் புள்ளிக்கு நேரே இருக்கும் பிசின் இளகித் தாளில் ஒட்டிக்கொள்கிறது, ரிப்பன் பிரிந்து வந்துவிடுகிறது. கார்பன் தாளில் பேனாவின் அழுத்தம் செய்யும் வேலையை இங்கே சூடு செய்கிறது, அவ்வளவுதான்.

அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 42 மைக்ரான். மூன்று மில்லிமீட்டர் எழுத்துக்கு உயரவாக்கில் 70 புள்ளிகள் கிடைக்கும். 'ணை' எழுத்தின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகத் தெரிய அது போதும். மை தாளில் ஊறுவதே இல்லை என்பதால் ஓரமும் கத்தியால் வெட்டியது போலிருக்கும். வெளியே வரும்போதே காய்ந்திருக்கும், தண்ணீர் பட்டாலும் கரையாது.

தண்ணீருக்குக் கரையாதது எங்களுக்கு முக்கியம். நாங்கள் அச்சிடுவது டீக்கால் தாளில். அந்தத் தாளின்மேல் ஒரு பசைப்பூச்சும், அதற்கு மேல் ஒரு மெல்லிய படலமும் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் பசை இளகி, எழுத்தோடு படலம் வழுக்கி வரும். அதைக் குடத்தின் வயிற்றிலோ பஸ்ஸின் நெற்றியிலோ வைத்து நீவிவிட்டால் வளைவுக்குத் தக்கபடி உட்கார்ந்துகொள்ளும். இங்க்ஜெட்டில் அச்சிட்ட டீக்காலுக்கு முதலில் வார்னிஷ் பூச வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் போட்டதும் மை கலங்கிவிடும்.

சூடேற்றி ஒன்று சுட்டால் புள்ளி முழுசாக ஒட்டும், சுடாவிட்டால் ஒட்டவே ஒட்டாது. நடுவே பாதி என்பது இல்லை. அப்படியானால் இளநீலம் எப்படி வரும்? புள்ளிகளை இடைவெளி விட்டுத் தூவினால் தூரத்திலிருந்து பார்க்கும் கண் இளநீலமாக எடுத்துக்கொள்ளும். மதகை ஒரேயடியாகத் திறக்க அல்லது மூட மட்டுமே முடியும் என்றிருந்தால், பத்து மதகில் மூன்றை மட்டும் திறந்து தண்ணீரைக் குறைப்பது போன்ற உபாயம் இது. இதே பிரிண்டரில் சாய ரிப்பன் போட்டால் இன்னொரு முறை வேலைசெய்யும். அதில் சூட்டைக் கூட்டிக் குறைத்தால் சாயம் அதற்கேற்ப அதிகமாகவோ குறைவாகவோ தாளுக்குள் இறங்கும். மதகுப் பலகையை வேண்டிய உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவது மாதிரி. புகைப்படங்களுக்கு அது அழகு. ஸ்டூடியோக்களில் பாஸ்போர்ட் படம் போடும் சிறிய பிரிண்டர்கள் பலவும் அந்த வகைதான்.

வெள்ளையைப் போலவே இங்க்ஜெட்டுக்கு எட்டாமல் ஆல்ப்ஸுக்கு எட்டும் இன்னொன்று தங்கம். தங்கம் என்பது வெறும் நிறம் அல்ல. மஞ்சள் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிக்கும், உலோகமோ கண்ணாடிபோல ஒரே திசையில் திருப்பும். தலையை அசைத்தால் பளபளப்பு இடம் மாறுவது அதனால்தான். தங்கநிற ஃபாயில்களில் பொதுவாகத் தங்கம் இருக்காது. அலுமினியத்தின் மிக மெல்லிய படிவுக்கு மேல் ஒளி ஊடுருவும் மஞ்சள் பூச்சு இருக்கும். கீழே வெள்ளி நிறத்தில் ஓர் உலோகம் ஒளியைத் திருப்ப, மேலே மஞ்சள் அதற்கு நிறம் கொடுக்கும். திருபுவனம் பட்டின் நல்ல ஜரிகையும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான், வெள்ளி இழைக்கு மேல் பொன் முலாம். தளம் சொரசொரப்பாக இருந்தால் இந்தக் கண்ணாடி குலைந்து, தங்கம் வெறும் பழுப்பாகிவிடும். எங்கள் கொலுக் கோபுரத்தின் கலசத்தை மூன்று முறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே தங்க டீக்கால் மின்னியது.

இத்தனை நல்ல பிரிண்டர் ஏன் நின்றுபோனது? ஆல்ப்ஸ் 1948-இல் தோக்கியோவில் தொடங்கிய நிறுவனம். சுவிட்ச், வால்யூம் திருகு, விசைப்பலகை என்று மற்றவர்களின் கருவிகளுக்குள் போகும் பாகங்களுக்குத்தான் அது பேர் பெற்றது. 1990-களில் இந்தப் பிரிண்டர்களைக் கொண்டுவந்தது. ஓகி நிறுவனமும் இவற்றைத் தன் பெயரில் விற்றது. அப்புறம் இங்க்ஜெட் சீக்கிரமே மலிந்தது, புகைப்படத் தரத்தையும் எட்டியது. ஆல்ப்ஸோ ஒரு பக்கத்துக்கு ஒரு நிறத்தை முழுக்க முடித்து, தாளைப் பின்னுக்கு இழுத்து, கேசட்டை மாற்றி, அடுத்த நிறத்தைத் தொடங்கும். வீட்டுக்காரர்களுக்கு அத்தனை பொறுமை இல்லை. 2010-இல் பிரிண்டர் விற்பனை நின்றது. ரிப்பன் விற்பனையும் பழுதுபார்ப்பும் 2015-இல் முடிந்தன. வெள்ளையும் தங்கமும் தேவைப்பட்டவர்கள் மாதிரி ரயில்களும் மாதிரி விமானங்களும் செய்யும் ஆட்களும் எங்களைப் போன்ற சிலரும்தான். அந்தக் கூட்டம் ஒரு தொழிற்சாலையை ஓட்டப் போதாது.

எங்கள் ஊரில் இதை வைத்துக் காப்பாற்றுவதில் பெரிய எதிரி ஈரம். மை காயாது என்ற பயம் இல்லை, அது முதலிலேயே காய்ந்ததுதான். ஆனால் தாளில் உள்ள நார்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பஸ்ஸின் சிவப்பு அடியில் தெரியாமல் இருக்க வெள்ளையை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை அச்சிட வேண்டும். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே தாள் ஒரு மயிரிழை நீண்டாலும் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும். ஒரு ஐப்பசி மழையில் ஒரு தாள் முழுக்க இப்படி வீணானது. அன்றிலிருந்து டீக்கால் தாளை அச்சிடும் அறையிலேயே முதல் நாள் பிரித்து வைத்துவிடுகிறேன். தாள் அறையின் ஈரத்துக்குப் பழகிவிட்டால் பிறகு அதிகம் நீளாது. கேசட்டுகள் எவர்சில்வர் சம்படத்தில், செருப்பு டப்பாக்களிலிருந்து சேர்த்த சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கின்றன. பிரிண்டரைப் பாரலல் போர்ட் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரோடுதான் இணைக்க முடியும். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் அந்தப் பெட்டிக்கும் சேர்த்தே போர்வை போட்டு வைத்திருக்கிறோம்.

வெள்ளை கேசட் இன்னும் இரண்டு இருக்கிறது. தலை அழுத்தி ஓடும் தூரம் முழுக்க ரிப்பன் செலவாகும், அதில் எத்தனை புள்ளி ஒட்டியது என்பது கணக்கே இல்லை. ஒரு வரியில் ஒரே ஒரு பலகைக்கு எழுதினாலும் பத்துப் பலகைக்கு எழுதினாலும் ஏறக்குறைய ஒரே செலவு. அதனால் இரண்டு மூன்று வருஷத்துக்கான பெயர்களைச் சேர்த்து, நாற்று நடுவது போல நெருக்கி அடுக்கித்தான் அச்சிடுகிறோம். 'நீடாமங்கலம் வழி' என்பதை மட்டும் எட்டு முறை போட்டு வைத்திருக்கிறோம், பஸ் அடிக்கடி கீழே விழுகிறது.

ஓடி முடிந்த ரிப்பனை மகள் எறிய விடுவதில்லை. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், வெள்ளைப் பூச்சில் எழுத்து இருந்த இடமெல்லாம் கண்ணாடியாகத் தெரியும். பாத்திரக்கடை, வெற்றிலைக்கடை, காபி கிளப் என்று அந்த வருஷத்துத் தெரு முழுக்க அதில் இருக்கும். சில எழுத்துகள் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். தலை ஒரு பட்டையை முடித்துவிட்டு அடுத்ததற்கு இறங்கிய இடம் அது. "அப்பா, இந்த 'கு'வோட கால் எங்க போச்சு?" என்று தேடிக்கொண்டே ரிப்பனை இழுப்பாள். ஒரு முழம் தள்ளி அது கிடைக்கும்.