காரீயத்துக்குள் வெள்ளி இருந்த கதை

காரீயத்தைத் தங்கமாக்கக் கிளம்பிய ரசவாதிகளைக் கிறுக்கர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்கள் உலையில் கண்ணால் என்ன பார்த்தார்கள் என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டோம்.

பழைய உலகத்துக்கு நன்றாகப் பழக்கமான உலோகங்கள் ஏழு: தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு, வெள்ளீயம், காரீயம், பாதரசம். வானில் நகர்கிறவையும் ஏழு. அதனால் சூரியனுக்குத் தங்கம், சந்திரனுக்கு வெள்ளி, மெதுவாக ஊர்கிற சனிக்குக் காரீயம் என்று ஜோடி சேர்த்துவிட்டார்கள். அது ஜோசியம், விடுங்கள். உலையில் நடந்ததுதான் விஷயம்.

காரீயம் கிடைக்கிற கலீனா என்ற கல்லில் பெரும்பாலும் கொஞ்சம் வெள்ளியும் ஒளிந்திருக்கும், பல இடங்களில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. (ஏதென்ஸுக்குப் பக்கத்து லாரியன் சுரங்கத்தில் இப்படி வந்த வெள்ளியைச் செலவழித்துத்தான் கி.மு. 480இல் சலாமிஸில் பாரசீகரை வென்ற கப்பல்களைக் கட்டினார்கள்.) எலும்புச் சாம்பலைக் குழைத்துச் செய்த சின்னக் கிண்ணத்தில் அந்தக் காரீயத்தை வைத்து, காற்றுப் படும்படி ஆயிரம் டிகிரி வாக்கில் சூடேற்றினால், அது ஆக்சிஜனோடு சேர்ந்து, நம் சித்த வைத்தியர்கள் மிருதாரசிங்கி என்கிற பொருளாகி உருகும், அதைக் கிண்ணமே உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளி ஆக்சிஜனோடு சேராது, சாம்பலிலும் ஊறாது. உருகிய குமிழின் மேல் வானவில் நிறங்கள் ஓடும், கடைசிப் படலம் விலகும் நொடியில் பளிச்சென்று ஒரு மின்னல், அப்புறம் கிண்ணத்தின் அடியில் ஒரு வெள்ளி மணி.

போட்டது காரீயம், எடுத்தது வெள்ளி! அந்த மணியை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் சில நேரம் அடியில் தங்கத் துகளும் மிஞ்சும். உலோகங்கள் பூமிக்குள் காய் மாதிரிப் பழுக்கின்றன, உலை அதைத் துரிதப்படுத்துகிறது என்று ஒருவன் நம்பினால் அதில் என்ன தப்பு? இரும்பு ஆணியை மயில்துத்தம் என்ற செம்பு உப்பின் கரைசலில் போட்டுப் பாருங்கள், சில நிமிடங்களில் செம்பு போர்த்திக்கொள்ளும். அந்தச் செம்பும் கரைசலில் இருந்ததுதான், ஆணி மாறவில்லை.

சரி, காரீயம் ஏன் தங்கமாக மாறாது? காரீய அணுக்கருவில் 82 புரோட்டான், தங்கத்தில் 79. நெருப்பும் அமிலமும் வெளியே சுற்றும் எலெக்ட்ரான்களோடு நின்றுவிடும், கருவைத் தொடாது. தொட அணு உலையோ, அணுக்கருக்களைப் பெரும் வேகத்தில் ஓடவிட்டு மோதவைக்கும் கருவியோ வேண்டும், ஜெனீவாவின் செர்ன் மோதுகலன் அப்படி ஒரு கருவி. அங்கே 2015 முதல் 2018 வரை காரீயக் கருக்கள் ஒன்றோடொன்று மோதாமல் மிக நெருக்கமாகக் கடந்து போனதில் மூன்று மூன்று புரோட்டானாக உதிர்ந்து சுமார் 8,600 கோடி தங்கக் கருக்கள் பிறந்தன. மொத்த எடை, ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் 29 பங்கு. அவையும் கண்ணிமைக்கும் முன் குழாய்ச் சுவரில் மோதிச் சிதறின.