சுருங்கிய வீரர்கள், சுருங்காத இயற்பியல்

மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டில் வரும் ஒரு வீரனின் உயரம் சுமார் 28 மில்லிமீட்டர். நிஜ மனிதனில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. கவசம், வாள், மேலங்கியின் மடிப்பு, கண் இமை என எல்லாமே அவனோடு சேர்ந்து சுருங்கிவிட்டன. ஆனால் அவன்மேல் பூசும் வண்ணத்தில் இருக்கும் தண்ணீர் சுருங்கவில்லை. அவன்மேல் விழும் வெளிச்சமும், அவனைப் பார்க்கிற நம் கண்ணும் அப்படியேதான் இருக்கின்றன. மினியேச்சர் எனப்படும் இந்தச் சிற்றுருவங்களுக்கு வண்ணம் பூசும் கலையின் உத்திகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கப் பிறந்தவை என்றே நினைக்கிறேன்.

வண்ணத்துக்கு முன்னால் உருவத்தைச் செய்தாக வேண்டும். ஒரே அச்சில் வார்த்த இருபது வீரர்கள் இருபது பேரும் ஒரே மாதிரி நிற்பார்கள். அதனால் ஒருவனின் கையை வெட்டி இன்னொருவனுக்கு வைப்பது, தலையைத் திருப்புவது, ஈட்டியைக் கோடரியாக்குவது என்று மாற்றங்கள் செய்வார்கள். இதற்குக் கன்வெர்ஷன் என்று பெயர். இந்த உருவங்களில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதை ஒட்டப் பயன்படும் பிளாஸ்டிக் சிமென்ட்டின் வேலையைச் செய்வது அதிலிருக்கும் கரைப்பான். தோளின் வெட்டுப் பரப்பில் ஒரு துளி வைத்ததும் பாலிஸ்டைரீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இளகி அசைய ஆரம்பிக்கும். கையை வைத்து அழுத்தினால் இரண்டு பக்கத்துச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியாகிப் போனபின் அங்கே பசை என்று எதுவும் மிஞ்சாது, இரண்டு துண்டும் ஒரே பிளாஸ்டிக்காக நிற்கும். அழுத்தும்போது விளிம்பில் மெல்லிய கோடாக இளகிய பிளாஸ்டிக் பிதுங்கும். அதை உடனே துடைத்துவிடாதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் கத்தியால் சுரண்டினால் ஒட்டிய தடமே தெரியாது.

உலோகத்திலும், ரெசின் என்னும் இறுகிய செயற்கைப் பிசினிலும் வார்த்த உருவங்களில் இந்த வித்தை பலிக்காது. அங்கே சூப்பர் குளூதான். அதிலிருக்கும் சயனோஅக்ரிலேட் மூலக்கூறுகள், பரப்பில் படிந்திருக்கும் துளி ஈரம் பட்டதுமே சங்கிலியாகக் கோத்து இறுகிவிடும். நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் பட்டென்று விட்டுவிடும். கனமான கைகளுக்கு உள்ளே துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகுவது அதனால்தான். இடைவெளியை நிரப்பவும், புதிதாகத் துணி, ரோமம் போன்றவற்றைச் செதுக்கவும் எபாக்சி மக்கு இருக்கிறது. மஞ்சள், நீலம் என்று இரண்டு பட்டைகள். ஒன்றில் ரெசின், இன்னொன்றில் இறுக்கும் பொருள். இரண்டையும் பிசைந்து பச்சையாக்கிய கணத்திலிருந்து வினை ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் மக்கு ஒட்டும் பிசுக்காக இருப்பதால் மொத்த வடிவத்தை அப்போதே வைத்துவிட வேண்டும். கூரான மடிப்புகளுக்கு அது கொஞ்சம் விறைக்கும்வரை காத்திருந்தால்தான் கோடு நிற்கும்.

அப்புறம் வண்ணம் பிடித்து நிற்க உதவும் பிரைமர் பூச்சு, அதன்மேல் அடிவண்ணம். இந்த அக்ரிலிக் வண்ணங்களில் நிறத்துகள்களோடு நுண்ணிய பாலிமர் உருண்டைகளும் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாக ஆக உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று இணைந்து ஒரு படலமாகின்றன. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிச் சேர்த்தால் உருண்டைகள் போதாமல் படலம் பலவீனமாகி, நிறம் திட்டுத்திட்டாகிவிடும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசுவதே நல்லது.

உண்மையான விருந்து வாஷ் போடும்போது. வாஷ் என்பது நிழலுக்காகப் போடும் நீர்த்த கருவண்ணம். தண்ணீரைப் பொறுத்தவரை சுமார் 2.7 மில்லிமீட்டர் ஓர் எல்லைக்கோடு. அதைவிடப் பெரிய அளவுகளில் புவியீர்ப்பு ஆளும், சிறிய அளவுகளில் பரப்பு இழுவிசை ஆளும். நம் வீரனின் மேலங்கி மடிப்போ அரை மில்லிமீட்டர் அகலம்தான். மடிப்பின் மேட்டில் தூரிகையை வைத்துப் பாருங்கள்: நிஜத் துணியில் ஊற்றிய தண்ணீர் போலக் கீழே வழிந்து போகாமல், கருவண்ணம் பக்கத்துப் பள்ளத்துக்குள் தானாக இழுக்கப்பட்டு, அதன் நீளத்துக்கும் ஓடி நிற்கும். மேடு வெளிறிவிடும், பள்ளம் கறுக்கும். யாரும் வரையாமலே நிழல் விழுந்துவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அதே இழுவிசை தட்டையான கேடயத்தில் காலை வாரிவிடும். காய்ந்தபின் நடுவே வெளிறி, ஓரத்தில் கருவளையம் விழும். சிந்திய காபி விடும் கறை வளையமும் இதுவும் ஒன்றே. 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் சொன்னார்கள். துளியின் விளிம்பு பரப்பில் ஒட்டி நின்றுவிடுகிறது. அங்கே ஆவியாதல் வேகமாக நடக்கிறது. இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்தை நோக்கி ஓடும்போது துகள்களையும் அள்ளிக்கொண்டு போகிறது. எனவே தட்டையான இடத்தில் தேங்கிய வாஷை, காயும் முன்பே ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

சரி, நிழல் தானாக விழுகிறது என்றால், மேடுகளிலும் விளிம்புகளிலும் வெளிர்நிறம் தீட்டும் ஹைலைட் எதற்கு? இங்கேதான் கண் வருகிறது. கூர்மையான பார்வை பிரித்தறியும் கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் அது 0.3 மில்லிமீட்டர். மேசைக்கு எதிர்ப்புறம் நிற்பவருக்கு மேலங்கியின் மடிப்பு இந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. விவரம் நுணுக்கமாக ஆக ஆக, அதைப் பார்க்கக் கண்ணுக்கு அதிக வெளிச்ச வேறுபாடு தேவைப்படுகிறது. நிஜத் துணியில் இருக்கும் மென்மையான நிழலை அப்படியே நகலெடுத்தால் வீரன் ஒரு நிறப் பொட்டாகத்தான் தெரிவான். கவச விளிம்பில் வெள்ளைக்கு நெருங்கிய கோடும், இடுக்கில் கருமைக்கு நெருங்கிய கோடும் இழுக்கத் தயங்கவே கூடாது. கையில் வைத்துப் பார்த்தால் மிகையாகத் தோன்றும், மேசையில் வைத்தால் சரியாக இருக்கும்.

உலோகம் தனிக்கதை. பளபளக்கும் வாள் தன்னைச் சுற்றியிருப்பதைக் காட்டும் கண்ணாடி. 28 மில்லிமீட்டர் வீரனின் வாளில் தெரிவது போர்க்களத்து வானம் இல்லை, நம் அறையின் விளக்கு. அதனால் சிலர் உலோக வண்ணத்தையே தொடாமல், சாம்பலிலும் வெள்ளையிலும் அந்த வானத்தையும் தரையையும் வாளிலேயே வரைந்துவிடுகிறார்கள். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த துணிச்சல் இது.

போட்டிகளும் இதே தூரக் கணக்கில் பிரிகின்றன. வார்ஹேமர் என்ற மேசைப் போர் விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987 முதல் நடத்தும் கோல்டன் டீமன் போன்ற வண்ணப் போட்டிகளில் நடுவர் உருவத்தை மிக அருகில் பார்ப்பார், எனவே ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் இடம் வழுவழுப்பாக இருந்தே ஆக வேண்டும். விளையாட்டுப் போட்டியில் மொத்தப் படையும் மேசைத் தூரத்தில் எடுபட்டால் போதும். வார்ஹேமர் 40,000 விளையாட்டின் ஒன்பதாம், பத்தாம் பதிப்புகளில், ஓர் ஆட்டத்தில் எடுக்கக்கூடிய 100 புள்ளிகளில் 10, முழுதாக வண்ணம் பூசிய படைக்கே கிடைக்கின்றன. கன்வெர்ஷனுக்கும் அங்கே கடிவாளம் உண்டு. யார் யாரைச் சுடலாம் என்பதை உருவத்திலிருந்து உருவத்துக்குப் பார்வைக்கோடு பிடித்துத்தான் முடிவு செய்கிறார்கள். நிற்கும் வீரனை மண்டியிட வைத்தால் அவன் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், அது எதிராளிக்கு அநியாயம். அப்படிப்பட்ட உருவத்தை அதன் அடித்தட்டின் மேல் ஒரு தக்கைப் பாறையில் ஏற்றி, தலையைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலும் பேச்சு எழாது.